சந்திரிகாவின் ஆட்நாவ்

சந்திரிகாவைப் பற்றி எழுதுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நடந்த முதல் தப்பு என்னுடையது. வங்கியில் இருபது வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவள் என்ற திமிரில், அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். யாராவது ஒரு படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிடுங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். அதில் தமிழ் வீடு இரண்டுதான். இரண்டாவது மாடியில் நாங்கள், தரைத்தளத்தில் அவர்கள். சந்திரிகா என்னைவிட ஆறு வயதுதான் சின்னவள், ஆனாலும் குடிவந்த நாளிலிருந்து மாமி என்றுதான் கூப்பிடுவாள். "ருக்மிணின்னே கூப்பிடேன், குறைஞ்சா போயிடுவேன்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது எப்படி மாமி" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

அவள் கணவர் வேலுச்சாமிக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. "பட்டாசுக்குப் பக்கத்துல பிறந்துட்டு வேற எங்கிட்டுப் போறது" என்பார். இருவருக்குமே சொந்த ஊர் சாத்தூர். 1983 ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் புனே. சந்திரிகாவுக்கு அப்போது பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குக் கல்லூரிக்குப் போக ஆசை இருந்தது. அவளுடைய அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். "பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்புப் போதும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாராம். இதை அவள் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டு வரும்.

இங்கே ஆட்நாவ் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். நமக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து போதும். அதை வைத்துக்கொண்டே பிறந்து, படித்து, பென்ஷன் வாங்கிவிடலாம். மராட்டியர்களுக்கு அது பெயரே இல்லை. முதலில் குடும்பப் பெயர், அடுத்து சொந்தப் பெயர், கடைசியில் அப்பா பெயர் அல்லது புருஷன் பெயர். அந்தக் குடும்பப் பெயர்தான் ஆட்நாவ். 1985ல் வேலுச்சாமி ரேஷன் கார்டு வாங்கப் போனபோது குமாஸ்தா "நாவ்?" என்று கேட்டார். நாவ் என்றால் பெயர் என்கிற அளவுக்கு இவருக்கு மராத்தி வந்திருந்தது. சொன்னார். "ஆட்நாவ் காய்?" என்றார் குமாஸ்தா. ஆட்நாவ் என்ன என்று அர்த்தம். பெயரைத்தான் சொல்லியாயிற்றே, அடுத்து ஊரைத்தானே கேட்பான் என்று இவர் "சாத்தூர்" என்றார். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"காய் காய்னு கேட்டான் மாமி. வெள்ளரிக்காய்னு சொல்லாம ஊரோட நிறுத்துனேனே, அதுக்கு என்னைப் பாராட்டணும்" என்பார் வேலுச்சாமி.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் பெயர் சாத்தூர். சமையல் வாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல், மகள் வைஷுவின் பள்ளிப் பதிவு எல்லாவற்றிலும் சாத்தூர். காய்கறிக்காரன் "சாத்தூர் வஹினி" என்று அவளை அண்ணி முறை சொல்லிக் கூப்பிடுவான். 1994ல் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த மழலையர் பள்ளியில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் சாத்தூர் டீச்சர் ஆனாள். நாலு வயதுக் குழந்தைகளுக்கு அவள் மராத்தியில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். ஆட்டம் எல்லாம் சரியாக இருக்கும். உச்சரிப்பு மட்டும் சாத்தூரை விட்டு ஒரு கிலோமீட்டர்கூட நகராது. குழந்தைகள் வீட்டுக்குப் போய் அதே உச்சரிப்பில் பாட, மராத்தித் தாய்மார்கள் சிரித்துக்கொண்டே வந்து அவளிடம் சொல்வார்கள். அவளை அவர்களுக்குப் பிடிக்கும்.

2002 மே மாதம் பள்ளி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பட்டம் இல்லாதவர்கள் இனி டீச்சராக இருக்க முடியாது. ஆனால் இந்த வருடமே பி.ஏ.வில் சேர்ந்து, ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் ரசீதைக் காட்டுகிறவர்கள் இருக்கலாம். காட்டாதவர்களுக்கு மாவ்ஷி வேலை தருவார்களாம். மாவ்ஷி என்றால் சித்தி. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைக்குக் குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகிற ஆயா என்று பொருள்.

சந்திரிகா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். அழவில்லை. ஆனால் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாவ்ஷி வேலை கேவலம்னு சொல்லல மாமி. ஆனா எட்டு வருசம் டீச்சர்னு கூப்பிட்ட பிள்ளைக நாளைக்கு என்னை எப்படிக் கூப்பிடும்? அதுகளுக்கே குழம்பிப் போகும்."

"படிச்சுட்டாப் போச்சு" என்றேன். இதில் என்ன பெரிய விஷயம் என்கிற தொனியில் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே என் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வேலை பார்க்கிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு நடத்தும் பி.ஏ. ஒன்று ஊருக்கு நடுவில் ஒரு கல்லூரியில் இருந்தது. வேலுச்சாமி போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். என் சாப்பாட்டு மேஜையில் அதை விரித்தோம். முதல் கட்டமே ஆட்நாவ்.

அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இருந்த பெயர் சந்திரிகா எம். எம் என்றால் மாரியப்பன், அவளுடைய அப்பா. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. "மாரியப்பன்னு விரிச்சு எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மாமி" என்றாள். குரல் கொஞ்சம் கெட்டியாக வந்தது. "காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்ன மனுசன் பேரு, காலேஜ் பாரத்துல முதல் கட்டத்துல எதுக்கு? சாத்தூர்னே போடுங்க. அந்தப் பேருலதான என்னை எல்லாருக்கும் தெரியும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சாத்தூர் சந்திரிகா வேலுச்சாமி என்று கொட்டை எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அழகாக நிரப்பினேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஜூன் நடுவில் அவளும் நானும் கல்லூரிக்குப் போனோம். வங்கியில் அரைநாள் விடுப்பு போட்டிருந்தேன். மூன்றாம் எண் ஜன்னலில் மும்தாஜ் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விண்ணப்பத்தைப் பார்த்தாள், மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள், பிறகு சந்திரிகாவைப் பார்த்தாள்.

"இது யார்?" என்று விண்ணப்பத்தைத் தட்டி இந்தியில் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் சந்திரிகா.

"அப்போ இது?" என்று மதிப்பெண் பட்டியலைத் தட்டினாள்.

"அதுவும் நான்தான்."

"சாத்தூர் எங்கே இருக்கிறது?"

மும்தாஜ் கேட்டது, மதிப்பெண் பட்டியலில் சாத்தூர் என்ற பெயர் எங்கே இருக்கிறது என்று. சந்திரிகா புரிந்துகொண்டது வேறு. "மதுரையிலிருந்து தெற்கே, இரண்டு மணி நேரம்" என்று இந்தியில் பணிவாகப் பதில் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். மும்தாஜ் சிரிக்கவில்லை. வெள்ளைத்தாளில் மளமளவென்று எழுதி நீட்டினாள். வெளி மாநிலத்தில் படித்தவர் என்பதால் எலிஜிபிலிட்டி என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து மைக்ரேஷன் சான்றிதழ், பள்ளியின் எல்.சி., இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், பத்தொன்பது வருட இடைவெளியில் என்ன செய்தார் என்று இன்னொரு பிரமாணப் பத்திரம். கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று.

நானும் எத்தனையோ படிவம் பார்த்தவள்தான். ஆனால் அந்தத் தாளை பஸ்ஸில் நாலு தடவை படித்தும் எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்று பிடிபடவில்லை. எலிஜிபிலிட்டி இருந்தால்தான் சேர்க்கை. சேர்க்கை இருந்தால்தான் எலிஜிபிலிட்டிக்கு விண்ணப்பிக்கலாம். இதை மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "ஆமாம், இரண்டும் ஒன்றாக நடக்கும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. எப்படி ஒன்றாக நடக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலுச்சாமிக்கு எலிஜிபிலிட்டி என்ற சொல் வாயில் நுழையவில்லை. எலி என்று சுருக்கிவிட்டார். தினமும் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே கேட்பார். "எலி மாட்டுச்சா?"

"வால்கூடத் தெரியல" என்பாள் சந்திரிகா.

மைக்ரேஷன் சான்றிதழுக்கு என் வங்கியிலேயே டிராஃப்ட் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் வந்துவிட்டது. எங்களைப் பாடாய்ப் படுத்தியது எல்.சி.தான். சாத்தூரில் இருந்த அவள் தம்பி பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், அக்காவுடைய எல்.சி. வேண்டும் என்று கேட்டான். அப்படி ஒன்று எங்களிடம் கிடையாது, எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே மும்தாஜிடம் கேட்டால், எல்.சி. இல்லாத பள்ளிக்கூடம் உலகத்தில் உண்டா என்றாள். பத்து நாள் இப்படியே போயிற்று. வைஷுதான் ஒருநாள் சோறு தின்றுகொண்டே, அரைத்தமிழில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"அம்மா, எல்.சி. மீன்ஸ் ஸ்கூல் லீவிங்தானே? உங்க ஊர்ல அதை டி.சி.ன்னு சொல்றாங்க இல்ல? ரெண்டும் சேம்."

இரண்டும் ஒன்றேதான். மாற்றுச் சான்றிதழ். பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

தம்பி மறுபடி போய் டி.சி. என்று கேட்டான். பள்ளியில் பழைய புத்தகங்களைத் தேடியெடுத்துப் பார்த்துவிட்டு ஒரு புதிய செய்தி சொன்னார்கள். சந்திரிகாவின் டி.சி. 1983ஆம் ஆண்டிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

"நான் வாங்கவேயில்லையே மாமி" என்றாள் சந்திரிகா. "காலேஜ்ல சேருறவங்கதான் டி.சி. வாங்குவாங்க. நான் எதுக்கு வாங்கப் போறேன்? வேற எவளோ சந்திரிகாவா இருக்கும்."

பள்ளியில் அடிக்கட்டையைப் பார்த்து நகல் எடுத்து, தலைமையாசிரியர் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அது ஜூலை இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை, பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. இருவரும் நின்றபடியே பிரித்துப் பார்த்தோம். சந்திரிகா எம். தகப்பனார் பெயர் மாரியப்பன். பிறந்த தேதி அவளுடையதுதான். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் நீல மை கறுத்துப்போன எழுத்தில் 'மேற்படிப்பு' என்று இருந்தது. பெற்றுக்கொண்ட பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் மாரியப்பன் என்று ஆறு எழுத்து. ஒவ்வொன்றும் ஓர் உயரம். புள்ளிகளைக் கடைசியில் சேர்த்து வைத்ததுபோல மேலே தள்ளிப் போட்டிருந்தது.

"அப்பாவுக்குப் பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும்" என்றாள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கீழே போனாள்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. அனுப்ப மாட்டேன் என்று துண்டை உதறிய மனிதர் எதற்காக மேற்படிப்பு என்று எழுதி டி.சி. வாங்க வேண்டும்? வழக்கமாக எழுதுவதைக் குமாஸ்தா எழுதியிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் குமாஸ்தா எழுதினாலும், போய் நின்று கேட்டவர் அவர்தானே.

திங்கட்கிழமை அந்த நகலோடு மறுபடி மூன்றாம் எண் ஜன்னல். தமிழில் இருந்ததை நான் இந்தியில் படித்துச் சொன்னேன். முட்டாள்தனமாக மேற்படிப்பு என்பதையும் விடாமல் படித்தேன். மும்தாஜ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேற்படிப்புக்காக டி.சி. வாங்கியிருக்கிறார். அப்படியானால் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். ஒரிஜினல் அங்கே இருக்கும். அந்தக் கல்லூரியிலிருந்து கடிதம் கொண்டு வாருங்கள்."

"எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை" என்றேன்.

"சேராமல் ஏன் வாங்கினார்?"

நான் சந்திரிகாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மும்தாஜின் கேள்விதான் இரண்டு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும், மும்தாஜுக்குத் தெரியாது.

"சேரவில்லை என்றால் அதையும் பிரமாணமாக எழுதிக் கொண்டு வரட்டும். காரணத்தோடு" என்றாள் மும்தாஜ். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "புதன்கிழமை மூன்று மணிக்கு ஜன்னலை மூடிவிடுவேன். அதற்கு முன்னால் வாருங்கள், நான் இருப்பேன்" என்றாள். அவளை அதுவரை நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலை எங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து சந்திரிகா சாத்தூருக்குப் பேசினாள். தம்பி எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். நான் அடுக்களையில் காபி கலக்கிற சாக்கில் நின்றுகொண்டேன். "ஏம்மா, அப்பா எனக்கு டி.சி. வாங்குனாரா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒருமுறை, "நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள். வைத்துவிட்டு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்குனாராம் மாமி. பாரமும் வாங்குனாராம். காலேஜுக்கு மூணு நடை நடந்தாராம். முத நாளு ஜாதிச் சர்டிபிகேட்டுன்னு சொன்னாங்களாம். அதை வாங்கிட்டுப் போனா வருமானச் சர்டிபிகேட்டுன்னாங்களாம். அதுக்குத் தாலுகா ஆபீசுல ஒரு வாரம். எல்லாத்தையும் சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் போனா, பாரத்தை யாரோ தப்பா எழுதிக் குடுத்திருக்காங்க, வேற பாரம் வாங்குங்கன்னாங்களாம். அதை வாங்குறதுக்குள்ள கடைசித் தேதி போயிருச்சாம். அவருக்கு எதுவும் புரியலையாம். யாருகிட்டக் கேக்குறதுன்னும் தெரியலையாம். அன்னைக்கு வந்துதான் எங்கிட்ட அப்படிச் சொல்லிட்டுத் துண்டை உதறிட்டுப் போனாராம்."

"ஏன் உங்கிட்டச் சொல்லலையாம்?"

"எனக்கு ஒரு பாரம் குடுக்கத் துப்பில்லைன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அம்மாகிட்டக் கேட்டாராம். அவ கிட்ட மூச்சு விடாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாராம்."

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது அன்றுதான் நான் முதன்முறை பார்த்தேன். வங்கியில் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்ற எத்தனை மாரியப்பன்களை, "இது தப்பு, வேற பாரம் கொண்டு வாங்கோ" என்று தலையைத் தூக்கிப் பார்க்காமல் அனுப்பியிருப்பேன். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. காபி ஆறிப்போயிற்று. அதையே இருவரும் குடித்தோம்.

செவ்வாய்க்கிழமை சிவாஜிநகர் கோர்ட்டுக்கு வேலுச்சாமி அவளைத் தன் எம்-எய்ட்டி வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். பிரமாணப் பத்திரம் அடித்துக் கொடுக்கிறவர்கள் வெளியே வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். மழைக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு மேஜையில் பத்ரிநாத் என்ற கிழவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்ற பத்திரம் முடிந்து, இடைவெளி என்று சொன்னதுமே தட்டச்ச ஆரம்பித்துவிட்டார். அவரிடம் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான். மேற்கண்ட ஆண்டுகளில் நான் வீட்டில் சும்மா இருந்தேன், எங்கும் படிக்கவில்லை.

"சும்மா இருந்தேன் என்று போடாதீர்கள்" என்றேன் நான், கோபமாக. "ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறாள். தெருவில் பாதிப் புடவைகளுக்கு ஃபால் தைத்திருக்கிறாள். எட்டு வருடம் டீச்சர்."

"அதெல்லாம் எழுதினால் அடுத்த பக்கம் போகும் அம்மா. போனால் இன்னொரு முத்திரை."

"மாமி, விடுங்க" என்றாள் சந்திரிகா. "அவரு என்னமும் போட்டுக்கட்டும். எனக்கு வேற ஒரு வரிதான் வேணும்."

அந்த வரியை அவள் தமிழில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பத்ரிநாத் அடித்தார். என்னைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக என் தகப்பனார் மாரியப்பன் 1983ஆம் ஆண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கினார், கேட்ட தாள்களைக் கடைசித் தேதிக்குள் அவரால் கொடுக்க முடியாததால் நான் சேரவில்லை. அடித்து முடித்துவிட்டு அவர் ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்தார். முதல் வாசகத்தில் சும்மா என்ற இடத்தில் எக்ஸ் எக்ஸ் என்று அடித்து மறைத்துவிட்டுத் தாளை உருவிக் கொடுத்தார்.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு ஜன்னலில் நின்றோம். மும்தாஜ் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தாள். "இவ்வளவு எழுத வேண்டியதில்லை. சேரவில்லை என்று மட்டும் இருந்தால் போதும்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் சந்திரிகா.

"சரி. பெயரைச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று பத்திரம் இருக்கிறது. ஆட்நாவ் எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். கடைசிவரை அதுதான். பட்டத்திலும் அதுதான் வரும். சாத்தூரா?"

நான் வாயைத் திறந்தேன். சாத்தூர் என்றால் ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், மகள் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும், அதுதான் சௌகரியம் என்று சொல்ல இருந்தேன். சந்திரிகா என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"மாரியப்பன்" என்றாள்.

புதிய விண்ணப்பம் ஒன்றை ஜன்னல் வழியாக மும்தாஜ் நீட்டினாள். இந்தத் தடவை நான் பேனாவை எடுக்கவில்லை. கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அவளே நிரப்பினாள். மாரியப்பன் சந்திரிகா வேலுச்சாமி. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரசீது வந்தது. வெளியே எம்-எய்ட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற வேலுச்சாமி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எலி?" என்றார்.

"பொறிக்குள்ள வந்திருச்சு" என்றாள்.

ரசீதைப் பார்த்த பள்ளி முதல்வர், இது யார் மாரியப்பன் என்று கேட்டாராம். பழைய கதையெல்லாம் அவருக்கெதற்கு என்று, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்ற பத்திரத்தின் நகலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட்டாள். குழந்தைகளுக்கு அவள் இன்னமும் சாத்தூர் டீச்சர்தான்.

செப்டம்பரில் முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. காலை ஏழு மணிக்கே டிபன் டப்பாவோடு கிளம்பிப் போனாள். சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மாடியேறி வந்தாள். எப்படியிருந்தது என்று கேட்டேன். பாடம் ஒன்றும் புரியவில்லை, பெஞ்சு உயரமாக இருக்கிறது, எல்லாரும் தன்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள் என்றெல்லாம் சொன்னாள்.

"இங்க வருகைப் பதிவுல ஆட்நாவைத்தான் கூப்பிடுவாங்க போல மாமி. எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. புரொபசர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வரிசையா வாசிச்சுக்கிட்டு வந்தாரு. குல்கர்ணி. லோண்டே. திடீர்னு 'மாரியப்பன்'னாரு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அப்பா வந்திருக்காரான்னு வாசப்பக்கம் திரும்பிப் பார்த்துட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாரு மாமி. நான் எந்திரிச்சு நின்னு, வந்திருக்கேன்னு சொன்னேன்."